வைத்தியசாலைக்கு நீடித்துழைக்கும், மீள்சுழற்சிக்கு உகந்த உபகரணங்களைத் தெரிவு செய்வது எப்படி?

நலன்புரிச் சங்கத்தவர் (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள ஓர் ஆதார வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் நான் உறுப்பினராக இருக்கிறேன். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எமது ஊரவர்கள் சேர்த்து அனுப்பிய நிதியில் விடுதிக் கட்டில்கள், மருந்து கட்டும் தள்ளுவண்டிகள், சளி உறிஞ்சும் இயந்திரங்கள், இரத்த அழுத்தமானிகள், ஒட்சிசன் செறிவாக்கிகள், சிறு சத்திரசிகிச்சைக்கான கருவித் தொகுதிகள் ஆகியவற்றை வாங்கித் தருமாறு நிர்வாகம் கேட்டிருக்கிறது. நிதி தந்தவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றுதான். வாங்கும் பொருள் நெடுங்காலம் உழைக்க வேண்டும். உழைத்து முடிந்த பின்னர் எரிகுழிக்குப் போகாமல் மீள்சுழற்சிக்குப் போக வேண்டும்.

நிபந்தனை நல்லதுதான், ஆனால் விலைமனுக்களைப் பிரித்துப் பார்த்ததும் குழப்பம் தொடங்கிவிட்டது. ஒரு முகவர் எல்லாப் பொருளுக்கும் நேரே "முற்றாக மீள்சுழற்சி செய்யலாம்" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் "உயர்தர எவர்சில்வர்" என்று குறிப்பிட்டு, மற்றவர்களின் பாதி விலையைப் போட்டிருக்கிறார். மூன்றாமவரோ, கழுவுவதும் அவிப்பதும் வீண்வேலை, ஒருமுறை பாவித்து வீசும் தொகுதிகளே தொற்றுக்கு நல்ல பாதுகாப்பு என்கிறார். இவற்றுக்கு நடுவே, ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலை கழித்த உபகரணங்களைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பலாம் என்று ஒரு அன்பர் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எமது களஞ்சியத்தின் பின்புறம் சில்லு கழன்ற கட்டில்களும், எதற்கென்று எவருக்கும் தெரியாத இயந்திரங்களும் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குவியலை நாமும் பெருப்பிக்கக் கூடாது என்பதே என் கவலை. இத்துறையில் அனுபவமுள்ளவர்கள், விலையைத் தவிர வேறு எவற்றைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று சொல்லித்தர முடியுமா?

பழுதுபார்ப்பவன்

வணக்கம் ஐயா. மருத்துவ உபகரணங்களைத் திருத்துவது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். குடாநாட்டில் எந்த வைத்தியசாலையும் கடற்காற்றுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. நிலத்தடி நீரோ சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கரையோரங்களில் உவரும் சேர்ந்திருக்கும். கொழும்பில் குளிரூட்டிய காட்சியறையில் பளபளக்கும் பொருளை இந்தக் காற்றிலும் இந்தத் தண்ணீரிலும் நிறுத்திப் பார்த்துத்தான் விலைபேச வேண்டும்.

"உயர்தர எவர்சில்வர்" என்ற சொல்லுக்கு விலைமனுவில் ஒரு பெறுமதியும் இல்லை. எந்தத் தரம் என்று எண்ணால் எழுதித் தரச் சொல்லுங்கள். 304 என்பதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 என்பதில் அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினமும் சேர்வதால் உப்புக்கும் குளோரினுக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் 201 ஆக இருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்தது அது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 201 இலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. மறுபக்கம், கத்தரிக்கோல், கவ்வி போன்ற கருவிகள் கடினப்படுத்திய வேறு வகை உருக்கில் செய்யப்படுபவை. அவற்றில் காந்தம் ஒட்டுவதே இயல்பு, அதைக் கண்டு கழித்துவிட வேண்டாம். தள்ளுவண்டிக்கும் கிண்ணங்களுக்கும் 304 போதும். உப்புநீரும் குளோரினும் தொடர்ந்து படும் இடத்துக்கு மாத்திரம் 316 கேளுங்கள். எல்லாவற்றுக்கும் அதைக் கேட்டால் காசு வீணாகும். உருக்காலையின் தரச்சான்றிதழைக் கேட்பதோடு, 201 ஐயும் 304 ஐயும் நிறமாற்றத்தால் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டும் பார்க்கலாம்.

கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குவியலில் அதுதான் கூடுதலாக இருக்கும். இரும்புக் குழாயில் பவுடர் பூச்சுப் பூசிய கட்டில் தலைமாட்டிலோ நடுவிலோ பழுதாவது அரிது, காலடியில்தான் பழுதாகும். குளோரின் கலந்த தண்ணீரால் விடுதித் தரையைத் துடைக்கும்போது, சில்லு பொருந்தும் குழாய் வாய்க்குள் அந்தத் தண்ணீர் ஏறித் தங்கிவிடுகிறது. வெளிப்பூச்சு கலையாமல் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். உள்ளே குழாய் தாள்போல மெலிந்து, ஒரு நாள் சில்லு தன் தண்டோடு கழன்று வரும். ஆகவே மாதிரிக் கட்டிலைப் புரட்டிப் போட்டுக் காலடியைப் பாருங்கள். குழாயின் வாய் பற்றவைத்து மூடப்பட்டிருக்கிறதா, சில்லு திருகாணியில் மாட்டப்பட்டிருக்கிறதா அல்லது அறைந்து இறுக்கப்பட்டிருக்கிறதா, அந்தத் திருகாணி யாழ்ப்பாணத்து இரும்புக் கடையில் கிடைக்கும் பொது அளவா, சாய்மானத்தைத் தூக்கும் திருகுத்தண்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாமா என்பவற்றைப் பார்த்துவிட்டால் பாதித் தெரிவு முடிந்துவிடும். ஊர்ப் பட்டறையில் திருத்தக்கூடிய கட்டில், கடைசியில் பழைய இரும்புக்காரருக்கும் இலகுவில் பிரித்து விற்கக்கூடியதாக இருக்கும். திருகாணியில் பூட்டியதைக் கழற்றலாம், பசையில் ஒட்டியதை உடைக்கத்தான் வேண்டும்.

ஒட்சிசன் செறிவாக்கியில் நைதரசனைப் பிடித்துவைக்கும் சியோலைற்று மணிகள் ஈரப்பதனால் கெடும். இயந்திரம் இரைந்து ஓடிக்கொண்டே இருக்கும், வெளிவரும் காற்றில் ஒட்சிசன் குறைந்திருப்பது எவருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் தொழினுட்ப விவரக்குறிப்பு ஆகக் குறைந்தது 82 சதவீதம் ஒட்சிசன் வேண்டும் என்கிறது. ஆகவே செறிவாக்கியோடு ஒட்சிசன் அளவுமானியையும், மாற்று வடிகட்டிகளையும் சேர்த்து வாங்காவிட்டால் அதை வாங்கவே வேண்டாம்.

பற்றரி உள்ள எந்தப் பொருளானாலும், அந்தப் பற்றரியைத் திறந்து மாற்ற முடியுமா, அது சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் வகையா என்று கேளுங்கள். பழுதுபார்க்கும் கைநூல் தருவார்களா, இயந்திரத்தின் உள்ளமைவுக்குக் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா, உதிரிப்பாகம் ஆகக் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தருவார்களா என்பவையும் முக்கியம். முகவர் வாயால் சொல்வது எல்லாம் காசோலை கைமாறும் வரைக்கும்தான்.

தியேட்டர் சிஸ்டர்

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் கருவித் தொகுதிகளிலும் சளி உறிஞ்சியிலும் முதற்கேள்வி வேறு: இதைக் கழுவிக் கிருமியழிப்பவர் யார், எதைக் கொண்டு? அதற்கு விடை இல்லாமல் நீடித்துழைக்கும் பொருளை வாங்குவதில் பயனில்லை.

உடலின் உள்ளே அல்லது குருதியில் படும் கருவி முற்றாகக் கிருமியழிக்கப்பட வேண்டும். வாய், சுவாசவழி போன்ற மென்சவ்வுகளில் படுவதற்கு உயர்மட்டத் தொற்றுநீக்கம் வேண்டும். தோலில் மட்டும் படுவதைத் துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். ஸ்போல்டிங் என்பவர் வகுத்த இந்தப் பிரிவு இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. வாங்கவிருக்கும் ஒவ்வொரு பொருளையும் இதில் எந்த வகை என்று குறித்துக்கொண்டால், "எல்லாவற்றையும் வீசிவிடுங்கள்" என்ற மூன்றாமவரின் வாதம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது தெரிந்துவிடும். இரத்த அழுத்தமானியின் கைப்பட்டியை வீசச் சொல்வதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஊசியையும் சிறிஞ்சையும் மீளப் பாவிக்கலாம் என்று எவரும் கனவிலும் நினைக்கக் கூடாது. வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் குறுக்கே வெட்டிய குறி பொதியில் இருந்தால், அதை ஒருமுறைக்கு மேல் பாவிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்று பொருள். சிக்கனம் என்று சொல்லி அதை அவிப்பது ஆபத்து.

மீளப் பாவிப்பதற்கென்றே செய்த பொருளாயின், எப்படிக் கழுவ வேண்டும், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம், எத்தனை முறை என்ற அறிவுறுத்தலைத் தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும், ஐ.எஸ்.ஓ. 17664 என்ற தரநியமம் அதற்கென்றே இருக்கிறது. உதாரணமாக, சுவாசவழியில் வைக்கும் சிலிக்கோன் குரல்வளை முகமூடியில் நன்கறியப்பட்ட ஒரு வகைக்கு 40 முறை என்ற எல்லை உண்டு. அந்த எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் அட்டை இல்லாவிட்டால் 40 என்பது 140 ஆகிவிடும். நீராவியால் கிருமியழிக்கும் எமது ஒட்டோகிளேவ்கள் வழமையாக 121 அல்லது 134 பாகை செல்சியசில் ஓடுகின்றன. 134 தாங்காத பொருளை வாங்கிவிட்டு, அவசர நாளில் அந்தச் சுற்றில் போட்டு உருக்கி எடுப்பது நடக்காத கதையல்ல. சளி உறிஞ்சியின் போத்தலுக்கு இது மிகவும் பொருந்தும். பொலிகாபனேற்றுப் போத்தல் திரும்பத் திரும்ப அவித்தால் மங்கி வெடிக்கும். பொலிசல்போன் நெடுநாள் தாங்கும். கண்ணாடி எதையும் தாங்கும், விழுந்தால் மட்டும் உடையும். எனக்குக் கேட்டால் பொலிசல்போன் போத்தலும், தனியாக வாங்கக்கூடிய மூடியும் இறப்பர் வளையமும் உள்ள இயந்திரம்தான். போத்தல் நன்றாக இருக்க, அந்த வளையம் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் இயந்திரங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கருவிகளைக் கொல்வது வேலையல்ல, தண்ணீரும் வெளிற்றும் தூளும்தான். குருதி பட்ட கவ்வியைக் குளோரின் கரைசலிலோ சேலைனிலோ ஊறவைத்தால், எவ்வளவு நல்ல உருக்கானாலும் அரிப்பு எடுக்கும். கவ்வியின் இரண்டு கால்களும் பூட்டும் மூட்டில் முதலில் ஒரு மண்ணிறப் புள்ளி தெரியும். அதைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள். புள்ளி அழிந்து கீழே உலோகம் வழவழப்பாக இருந்தால் அது தண்ணீரில் வந்த படிவு, கருவியைத் தொடர்ந்து பாவிக்கலாம். அழிந்த இடத்தில் ஊசிமுனை அளவு குழி தெரிந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது, அந்தக் கருவி தொகுதியிலிருந்து நீங்க வேண்டும். ஆகவே உங்கள் நிதியில் ஒரு பங்கை ஒட்டோகிளேவுக்கும் கடைசி அலசலுக்கும் போகும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டல் தொகுதிக்கு ஒதுக்கும்படி நிர்வாகத்தோடு பேசுங்கள். படம் எடுத்து அனுப்புவதற்கு அது அழகாக இராது. ஆனால் புதிதாக வாங்கும் கருவிகளின் ஆயுள் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

சுற்றாடல் உத்தியோகத்தர்

"முற்றாக மீள்சுழற்சி செய்யலாம்" என்று எழுதிய முகவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: யாழ்ப்பாணத்தில் இதை யார் வாங்குவார்? பெயரும் விலாசமும் தர முடியாவிட்டால் அந்த வாசகத்தை அழித்துவிட்டு விலைமனுவைப் படியுங்கள். பழைய இரும்பு, அலுமினியம், செம்பு, எவர்சில்வர் ஆகியவற்றை வாங்க ஆட்கள் தேடி வருவார்கள். சுத்தமான பொலித்தீனுக்கும் பொலிப்புரொப்பிலீனுக்கும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு வகைப் பிளாஸ்ரிக்கை உலோகத்தோடு சேர்த்து ஒட்டிய கைப்பிடியை எவரும் தொடமாட்டார்கள்.

வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் கழிவைப் போன்ற சாதாரணக் கழிவு, மீதி 15 சதவீதமே தொற்று, நச்சு, கதிரியக்க வகைகளைச் சேர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மஞ்சள் பைக்குள் ஒருமுறை விழுந்தது எதுவானாலும் அதன்பின் தொற்றுக் கழிவுதான். மீள்சுழற்சிக் குறி பொறித்த பொருளும் அப்படியே. ஆகவே பொருளின் பெயரைவிட, அது நோயாளியின் குருதியைத் தொடுமுன் பிரிகிறதா என்பதையே பார்க்க வேண்டும். சேலைன் போத்தல் நல்ல உதாரணம். பொலித்தீனிலோ பொலிப்புரொப்பிலீனிலோ செய்த போத்தலில் குழாயை வெட்டி அகற்றிவிட்டால் மீதி சுத்தமான பிளாஸ்ரிக். சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பொதிந்துவரும் நீலத்தாளும் பொலிப்புரொப்பிலீன்தான். நோயாளி மேசைக்கு வருமுன்னரே அதைப் பிரித்து எடுத்துவிடுவதால் தனிப் பைக்குள் போடலாம். சிஸ்டர்மார் ஒத்துழைத்தால் இது நாளைக்கே நடக்கும்.

பி.வி.சி.யைப் பற்றித் தனியாக எச்சரிக்க விரும்புகிறேன். அதன் நிறையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 சதவீதம், குளோரின். எரிகுழியில் குறைந்த வெப்பத்தில் எரிந்தால் ஐதரசன் குளோரைட்டுப் புகையும் டயொக்சின்களும் வெளிவரும். டயொக்சின் 2001 ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை கட்டுப்படுத்தும் நச்சுகளுள் ஒன்று. முறையான எரியூட்டிக்கு இரண்டு அறைகளும் 850 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் தேவை. முற்றத்தில் வெட்டிய கிடங்கில் அந்த வெப்பம் ஒருபோதும் வராது. இன்னொன்று, போத்தல்களைச் சேகரிக்கும்போது பி.வி.சி.த் துண்டுகள் சில கலந்தாலே முழுத் தொகுதியும் மீள்சுழற்சிக்கு உதவாமல் போகும். எல்லாக் குழாய்களுக்கும் மாற்று இன்று கிடைக்காது என்பது உண்மைதான். மெத்தை உறை, விரிப்பு, கிண்ணம், தட்டு என்று மாற்று இருக்கும் பொருள்களிலாவது பி.வி.சி. வேண்டாம் என்று விவரக்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

இரத்த அழுத்தமானியில் பாதரச வகையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளினதும் இரத்த அழுத்தமானிகளினதும் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் 2020 ஐ எல்லையாக வைத்தது. இன்னும் அலமாரியில் இருப்பவற்றை உடைக்காமல், மூடிய கொள்கலனில் தனியாக வைத்து, அபாயகரமான கழிவாகக் கையளிக்க வேண்டும். பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிடாதீர்கள்.

மெல்பேர்ண் மயக்கமருந்து வைத்தியர்

யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது மெல்பேர்ணில் வேலை செய்கிறேன். "மீளப் பாவிப்பது எப்போதும் சூழலுக்கு நல்லது" என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஊர் ஆய்வு ஒன்று உதாரணம். 2017 இல் வெளியான அந்த ஆய்வில், மயக்கமருந்து உபகரணங்களை ஒருமுறைப் பாவனையிலிருந்து மீள்பாவனைக்கு மாற்றியபோது வைத்தியசாலைக்குப் பணம் மிச்சமானது. ஆனால் காபன் வெளியீடு சிறிது கூடியது. கழுவும் இயந்திரங்களும் கிருமியழிக்கும் இயந்திரங்களும் விக்ரோறியா மாநிலத்தின் பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில் ஓடியதே காரணம். அதே கணக்கை ஐரோப்பாவின் மின்சாரத்தில் போட்டபோது காபன் வெளியீடு பெருமளவு குறைந்தது. இலங்கையில் நீர்மின்னும் உண்டு, நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமும் உண்டு. ஆகவே எங்கள் நிலை இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். கூரையில் சூரியமின் தகடுகள் உள்ள வைத்தியசாலை பகலில் ஒட்டோகிளேவை நிறைத்து ஓட்டினால் கணக்கு இன்னும் சாதகமாகும். பாதி நிறைந்த இயந்திரத்தை ஓட்டுவதுதான் பெரிய விரயம்.

ஆனால் காபன் கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022 இல் அந்நியச் செலாவணி இல்லாமல் மருத்துவப் பொருள் இறக்குமதி முடங்கியபோது, ஒருமுறைப் பாவனைப் பொருளை நம்பியிருந்த இடங்களே முதலில் தவித்தன. கழுவிப் பாவிக்கும் தொகுதி ஒன்று அலமாரியில் இருப்பது கப்பல் வராத மாதத்துக்கான காப்பு. என்னைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்துக்கு இதுவே வலுவான காரணம்.

ரொறன்ரோக் கொள்கலனைப் பற்றி: சில நாடுகளில் நன்கொடையாக வந்த உபகரணங்களுள் 10 முதல் 30 சதவீதம் மட்டுமே இயங்கு நிலைக்கு வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். எங்களுடையது 230 வோல்ற், 50 ஹேட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ற்றளவைச் சரிசெய்யலாம். ஆனால் சில மோட்டர்களுக்கு 60 இலிருந்து 50 ஆக மாறுவதே தொல்லை. கைநூல், உதிரிப்பாகம், இங்கே பொறுப்பேற்கும் முகவர் மூன்றும் இல்லாத இயந்திரம் அன்பளிப்பு என்ற பெயரில் கப்பலேறி வரும் கழிவுதான். அந்த அன்பரின் மனம் நோகாமல், கப்பல் கூலிக்கு ஆகும் பணத்தை உங்கள் உதிரிப்பாக நிதிக்குத் தரக் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் தேவைப்படாத, நல்ல நிலையில் உள்ள உருக்குத் தட்டுகளும் கருவிப் பெட்டிகளும் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

கணக்குக் கிளை

எல்லோரும் நல்ல பொருளைப் பற்றிச் சொன்னீர்கள், அதை எப்படிக் கடதாசியில் வெல்ல வைப்பது என்று நான் சொல்கிறேன். கொள்வனவில் வெல்ல வேண்டியது வெறும் குறைந்த விலை அல்ல; நிபந்தனைகளை நிறைவுசெய்த விலைமனுக்களுள் மதிப்பீட்டில் குறைந்தது. ஆகவே நீங்கள் விரும்புவது அனைத்தும் நிபந்தனையாக, அளக்கக்கூடிய சொல்லில், முன்கூட்டியே இருக்க வேண்டும். "நல்ல சில்லு" என்று எழுதினால் எல்லாருடையதும் நல்ல சில்லுதான். விலையை மதிப்பிடும்போது கொள்விலையோடு, குறித்த ஆண்டுகளுக்கான உதிரிப்பாகம், பராமரிப்பு, பாவனைப்பொருள் ஆகியவற்றின் விலையையும் முகவர்களே எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, 100,000 ரூபாய்க் கட்டில் 4 ஆண்டும் 180,000 ரூபாய்க் கட்டில் 12 ஆண்டும் நின்றால், ஆண்டொன்றுக்கு முன்னையது 25,000, பின்னையது 15,000. இந்தக் கணக்கை விலைமனு திறந்த பிறகு போட்டால் பக்கச்சார்பு என்பார்கள். முன்னரே அறிவித்துவிட்டால் எவரும் வாய்திறக்க முடியாது. மருத்துவ சாதனங்களுக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்பதையும் விலைமனுவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் களஞ்சியத்தின் பின்புறக் குவியலுக்கு வருகிறேன். அங்கே கிடக்கும் கட்டில்கள் பெரும்பாலும் இரும்பு, முழுவதும் விற்கக்கூடியவை. அப்படியிருந்தும் ஏன் கிடக்கின்றன? அரச வைத்தியசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பொருளும் அதன் பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டால் அரச சொத்து. ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்புச் சபை பார்த்து, பாவனைக்கு உதவாதது என்று பரிந்துரைத்து, அனுமதி கிடைத்த பின்னரே அகற்ற முடியும். எந்த விடுதியின் பதிவேட்டில் ஏறியது என்று தெரியாத பொருளை எந்தச் சபையும் கழிக்காது. ஆகவே கையளிக்கும் நாளிலேயே ஒவ்வொரு பொருளிலும் அழியாத இலக்கம் பொறித்து, மாதிரி இலக்கம், வாங்கிய ஆண்டு, செய்த மூலப்பொருள், முகவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒட்டும் தாள் வேண்டாம். குளோரின் தண்ணீர் மாதக் கணக்கில் அதை உரித்துவிடும்.

நலன்புரிச் சங்கத்தவர்

அனைவருக்கும் நன்றி. சங்கத்தின் கூட்டத்தில் இவற்றை வைத்தோம். கட்டில், தள்ளுவண்டி, சளி உறிஞ்சி, கருவித் தொகுதி ஆகியவற்றுக்கு விவரக்குறிப்பைத் திருத்தி எழுதி மீண்டும் விலைமனுக் கோருவதென்று முடிவாகியிருக்கிறது. ஒட்சிசன் செறிவாக்கிகளை, அளவுமானியையும் வடிகட்டிகளையும் சேர்த்து வாங்கும் அளவுக்கு நிதி சேரும் வரை ஒத்திவைத்திருக்கிறோம். தண்ணீர் வடிகட்டல் தொகுதிக்கு ஒரு பங்கு ஒதுக்குவதில் மட்டும் இன்னும் இணக்கம் இல்லை. பெயர்ப்பலகை பொறிக்க இடமில்லாத பொருளுக்கு நிதி தந்தவர்கள் சம்மதிப்பார்களா என்று சிலர் தயங்குகிறார்கள். நான் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பழுதுபார்ப்பவனிடம் ஒரு கேள்வி: மாதிரிக் கட்டிலைச் சோதிக்க எமது சங்கத்தில் எவருக்கும் தொழினுட்பம் தெரியாது. வெளியாள் ஒருவரை அழைக்கலாமா? சிஸ்டரிடம் ஒன்று: கவ்விகளின் மூட்டு இறுகாமல் இருக்க எண்ணெய் பூசும் வழக்கம் இருக்கிறது. அது சரிதானா?

பழுதுபார்ப்பவன்

தாராளமாக அழைக்கலாம். விலைமனுக் குழுவில் தொழினுட்ப மதிப்பீட்டாளர் ஒருவரைச் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்தால், மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் ஊடாக ஆள் கேட்பது முறையாக இருக்கும். அதோடு மாதிரிக் கட்டிலை முகவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பூட்டி வைத்திருந்து, இறுதியில் வரும் தொகுதியிலிருந்து ஏதாவது ஒன்றை நீங்களே தெரிந்தெடுத்துப் புரட்டிப்போட்டு, இரண்டின் காலடியையும் ஒப்பிட்ட பிறகு பணத்தை விடுவியுங்கள்.

தியேட்டர் சிஸ்டர்

தையல் இயந்திர எண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசக் கூடாது. நீராவி எண்ணெய்ப் படலத்தை ஊடுருவாது என்பதால் மூட்டுக்குள் இருக்கும் கிருமி அப்படியே தப்பிவிடும். கருவிகளுக்கென்று தண்ணீரில் கரையும் வெண்ணிற மசகு விற்கிறார்கள். கழுவி முடிந்ததும், அவிப்பதற்கு முன்பு, கவ்விகளின் மூட்டைத் திறந்த நிலையில் அதில் தோய்த்தெடுத்து வடிய விடுங்கள். அலசவோ துடைக்கவோ வேண்டாம். ஒட்டோகிளேவுக்குள் வைக்கும்போதும் மூட்டு திறந்தே இருக்க வேண்டும். பூட்டியபடி அவித்தால் பூட்டின் உட்புறத்துக்கு நீராவி போகாது. சூட்டில் உலோகம் விரிவதால் மூட்டு வெடிக்கவும் கூடும்.